வெயிலில் வைத்த செல்கள்

அந்த கேசட்டில் யாரும் பாடவில்லை. எனக்கு வந்த கேடு அதுதான். ஒரே ஒரு ஆள் நாலு வரி பாடியிருந்தால்கூட நான் தப்பித்திருப்பேன்.

முழுக்க வாத்தியம். வயலின் மட்டும் முப்பது இருக்கும். அதற்குக் கீழே செல்லோ, மேலே புல்லாங்குழல், நடுவில் ஊதுகுழல்கள், பின்னால் எங்கோ ஒரு பெரிய முரசு. பன்னிரண்டு நிமிஷம் ஓடும். ஒரு பக்கம்தான் பதிவு. அட்டையில் பெயர் இல்லை. யார் போட்ட இசை, எந்த ஊரில் பதிவு செய்தது, எதுவும் தெரியாது. இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

அப்போது நான் கல்வராயன் மலையில் ஓராசிரியர் பள்ளி ஒன்றில் வாத்தியார். வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டிய ஊர். கரண்ட் கிடையாது. வேலை நிரந்தரம் இல்லை. எந்த மாசம் வேண்டுமானாலும் போகச் சொல்லலாம் என்று உத்தரவிலேயே எழுதியிருந்தது. சனி, ஞாயிறு கீழே இறங்கிக் கள்ளக்குறிச்சியில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிப்பேன். எங்கள் பக்கம் ஆர்கெஸ்ட்ரா என்றால் கோயில் திருவிழாவிலும் கல்யாணத்திலும் சினிமாப் பாட்டு வாசிக்கிற குழு. மேடைக்கு முன்னால் குடித்துவிட்டு ஆடுகிறவன் எந்தப் பாட்டைக் கேட்கிறானோ அதை வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் செருப்பு வரும். வந்திருக்கிறது.

அந்த ஆடி மாசம் மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு அம்மன் திருவிழா. எங்கள் கீபோர்டுக்காரருக்குத் தெரிந்தவர் ஒருவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். பெரிய இசைக்குழுவில், ஒலிப்பதிவுக் கூடத்தில், முன்வரிசையில் உட்கார்ந்து வயலின் வாசிக்கிறவர். சும்மா மேடைக்குப் பின்னால் நாற்காலி போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கச்சேரி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"யார்கிட்டப்பா கத்துக்கிட்ட?"

"யார்கிட்டயும் முழுசா இல்ல சார். காதுலதான்."

"காது நல்லாதான் இருக்கு. நோட்ஸ் படிப்பியா?"

"படிப்பேன் சார்."

படிக்க மாட்டேன். ஐந்து கோடு போட்டுப் புள்ளி வைத்த அந்த எழுத்தில் எனக்கு ஒன்றுமே தெரியாது. சினிமா ஒலிப்பதிவுக்காரர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் தெரியும். அதனால் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

ஆவணியில் கீபோர்டுக்காரர் கையில் அந்த மனிதர் கேசட்டையும் நாலு தாள் நோட்ஸையும் கொடுத்தனுப்பினார். சொல்லியும் அனுப்பியிருந்தார். செப்டம்பர் மாசக் கடைசித் திங்கட்கிழமை காலையில் வர வேண்டும். கூடத்தில் இதே பதிவை ஓட விடுவார்கள். அதோடு சேர்ந்து பன்னிரண்டு நிமிஷமும் வாசிக்க வேண்டும். பின்தங்காமல் வாசித்துவிட்டால் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி.

கடைசி வரிசை நாற்காலி. எனக்கு முப்பத்தொரு வயசு. பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்ள இன்னா பண்றாரு?" என்று கேட்டால் என் அப்பா தரையைப் பார்ப்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் நான் வாத்தியக்காரன். இல்லையென்றால் செருப்புக்குப் பயந்து வாசிக்கிறவன். நடுவில் ஒன்றும் இல்லை. அப்படித்தான் நினைத்தேன், அதில் தப்பும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கேசட்டை வாங்கிக்கொண்டு நேராக மலை பஸ்ஸைப் பிடித்தேன். ஊரில் போட்டுக் கேட்கவில்லை. பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. மலையில் என்னிடம் ஒரு சின்ன டேப் ரெக்கார்டர் இருந்தது, நாலு பெரிய பேட்டரி செல் போட்டால் ஓடும். போன வாரம் முழுக்கப் பாட்டுக் கேட்ட செல்கள்தான் அதில் கிடந்தன. அடுத்த சனிக்கிழமை இறங்கும்போது புதிது வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அன்று பொழுது சாயும் முன் போட்டுக் கேட்டேன்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. செல்லோக்கள்தான் ஆரம்பிக்கும். நாலு நாலு அடியாக இறங்கி வரும். முதுகில் மூட்டை வைத்துக்கொண்டு மலை இறங்குகிறவன், ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் கால் வைக்கிற மாதிரி. வயலின்கள் அதன் மேல் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், நகராது. பிறகு புல்லாங்குழல் ஏதோ சொல்ல வரும், பாதியில் விட்டுவிடும். அந்த முரசு அடிக்கும்போது நெஞ்சில் இடிக்காது, வயிற்றில் இறங்கும். ஒரு வீட்டில் எல்லாரும் அழுது முடித்துவிட்டு, இனி அழ ஒன்றுமில்லை என்று உட்கார்ந்திருப்பார்களே, அந்த நேரம். அதற்கு ஒரு இசை இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வயலினை எடுத்துச் சுருதி சேர்த்தேன். என்னிடம் சுருதிப் பெட்டி இல்லை, அது கீபோர்டுக்காரர் வீட்டில். கேசட் எங்கே நிற்கிறதோ அங்கே தந்தியை இறக்கிச் சேர்த்துக்கொண்டேன். ஒரு கட்டைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் என்று நினைத்தேன். அது பதிவானது ரெண்டு கட்டையில் என்று பிறகுதான் தெரியும்.

நோட்ஸ் தாளைப் பார்த்தேன். முதல் தாளின் மூலையில் ஒரு புள்ளியும் பக்கத்தில் ஒரு எண்ணும். கோட்டின் ஆரம்பத்தில் கயிற்றுக் கட்டில் மாதிரி ரெண்டு குறி. மடித்து வயலின் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். காது இருக்கிறதே.

புதன்கிழமை வரைக்கும் பாதி வந்துவிட்டது. வியாழக்கிழமை பஸ் வரவில்லை.

இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று முன்பே பேசிக்கொண்டார்கள். என் சாதிக்காரர்கள் கேட்டதுதான். சாலையோரத்துப் புளிய மரங்களை எல்லாம் வெட்டிக் குறுக்கே போட்டார்கள். என் தம்பி சின்னசேலம் ரோட்டில் கோடாலியோடு நின்றான் என்று பிறகு கேள்விப்பட்டேன். போராட்டம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கரும்பு போட்டும் கடன், படிக்க வைத்தும் வேலை இல்லை என்று கிடந்த வீடுகளில் என் வீடும் ஒன்று. அந்த வாரத்தில் எங்கள் ஆட்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். எங்கள் ஆட்கள் போய்ச் சேரிக் குடிசைகளைக் கொளுத்தியதும் நடந்தது. முதலில் சொன்னதை மட்டும் சொல்லி ரெண்டாவதை விழுங்குகிற கூட்டத்தில் என்னைச் சேர்க்காதீர்கள்.

மலையில் எங்களுக்கு இது எதுவும் சரியாகத் தெரியாது. உப்பு தீர்ந்தது, தீப்பெட்டி தீர்ந்தது. வெள்ளிமலைக் கடையில் செல் தீர்ந்தது.

எங்கள் பக்கத்தில் செல் தீர்ந்தால் எறிய மாட்டோம். வெயிலில் வைப்போம். சூடேறினால் மிச்சம் மீதி இருக்கிற சக்தி மேலே வரும் என்று ஒரு கணக்கு. பல்லால் கடித்து நசுக்குகிறவர்களும் உண்டு. நான் ரெண்டும் செய்தேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சாமை காய வைக்கிற பாறை ஒன்று இருந்தது. காலையில் நாலு செல்லையும் அதில் வரிசையாக வைப்பேன். மேகம் மூடிக்கொண்டே இருந்த நாட்கள். சாயங்காலம் எடுத்துப் போட்டால் பத்து நிமிஷமோ இருபது நிமிஷமோ ஓடும். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். தந்தியை நானும் இறக்கிக்கொண்டே போனேன். கடைசியில் தந்தி அவ்வளவு தளர்ந்துவிட்டது, வில் பட்டால் தொண்டை கட்டினவன் குரல் மாதிரி வந்தது.

செல் தீர்ந்தால் பாட்டு இழுக்கும் என்று எனக்குத் தெரியாதா? சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாடகன் குரல் தடித்துக் கொழகொழவென்று ஆகிவிடும், எல்லாரும் சிரிப்போம். ஆனால் இதில்தான் யாரும் பாடவில்லையே. எது தடித்தது, எது தடிக்கவில்லை என்று எதை வைத்துச் சொல்வது? நான் இதற்கு முன் ஒரு முறைகூடச் சரியான வேகத்தில் கேட்டதில்லை.

பள்ளியில் சத்துணவு சமைக்கிற அக்கா ஒருத்தி. மலைக்காரி, என்னைவிட ஐந்தாறு வயசு மூத்தவள். அவள் வீடு பள்ளிக்கு அடுத்தாற்போல. கிண்டல் இல்லாமல் அவளால் ஒரு சொல் பேச முடியாது.

"இன்னா வாத்தியாரே, அவ்ளோ பேரு சேந்துக்கினு வாசிக்கிறானுங்க, ஒருத்தன்கூட வாயத் தொறக்க மாட்டேன்றான்?"

"இது பாட்டு இல்லக்கா. வாத்தியம் மட்டும்தான்."

"பாட்டு மறந்து போயிருப்பானுங்க. அதான் இப்பிடி எழவு வூட்டுல குந்திக்கினு கீற மாரி கீறானுங்க." அடுப்பை ஊதினாள். "எம் மாமியா செத்தப்பகூட இவ்ளோ சோகம் இல்ல, தெர்யுமா? சந்தோசமா இருந்திச்சி."

சனிக்கிழமை அன்று செல் சுத்தமாக நின்றுவிட்டது. இன்னும் கடைசி மூன்று நிமிஷம் விரலுக்கு வரவில்லை. அவளிடம் போய் நின்றேன்.

"அக்கா, டார்ச்சு லைட்டுல செல்லு இருக்குதா?"

அவள் திரும்பித் தன் புருஷனைப் பார்த்தாள். அந்த டார்ச் எதற்கு என்று எனக்குத் தெரியும். அவர்கள் நிலத்தில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, முற்றிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் காவல் இருந்து, பன்றி வந்தால் அந்த வெளிச்சத்தை அடித்து விரட்டுவார். அவர்தான் தயங்காமல் எழுந்து போய் எடுத்து வந்தார். ரெண்டு செல்.

"எடுத்துக்கோ வாத்தியாரே. மெட்ராசு வேல. சும்மாவா?"

"காவலுக்கு?"

"சூளு கொளுத்திக்கினா ஆச்சி," என்றார் அவர். சூளு என்றால் தீப்பந்தம்.

நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று ஒரு தரம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த ரெண்டையும் என்னுடைய செத்த செல்கள் ரெண்டோடு சேர்த்துப் போட்டேன். புதிது கொஞ்சம், செத்தது கொஞ்சம் என்றால் பெட்டி செத்ததன் பக்கம்தான் சாயும். பழைய வேகத்தில்தான் ஓடியது. எனக்கு நிம்மதி.

திங்கட்கிழமை வெயில் அடித்தது. மேகம் ஒன்றுகூட இல்லை. மதியம் வரை செல் பாறையில் கிடந்து, கையில் எடுக்க முடியாத சூடு. போட்டு அழுத்தினேன்.

ஓடியது. செல்லோக்கள் நாலு நாலு அடியாக இறங்கவில்லை, குதித்தன. வயலின்கள் ஒரு சுரத்தில் நிற்கவே இல்லை, தொட்டுத் தொட்டுப் பறந்தன. புல்லாங்குழல் பாதியில் விட்ட பேச்சு முழுசாக வந்தது. அது வெறும் கொஞ்சல். சுருதி மேலே போய் நின்றது. சமையல்கட்டிலிருந்து அக்கா கரண்டியோடு வந்துவிட்டாள்.

"இத்தப் பாருடா! இது நல்லாக்கீதே!" இடுப்பில் ஒரு கையை வைத்துக் கரண்டியை ஆட்டினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். "இம்மாம் நாளு எங்க வச்சிருந்தே இத்த? இப்பிடியே வுடு வாத்தியாரே, காலு தானா ஆடுது."

நான் பட்டென்று நிறுத்தினேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இது தப்புக்கா. செல்லு சூட்டுல ஜாஸ்தியா ஓடுது. ஆறட்டும்."

"தப்பா? நீ வாசிக்கிற அந்த எழவுதான் சரியா?"

"அதுதான் சரி."

"அத்த யாரு சொன்னா? பாட்டுப் போட்டவன் சொன்னானா?"

"எனக்குத் தெரியும்க்கா. நீ போய்ச் சோத்தப் பாரு."

அவள் போய்விட்டாள். நான் செல்லை நிழலில் ஆற வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் பழைய மாதிரி கனத்து ஓடியது. அப்பாடா என்று அதோடு சேர்ந்து வாசித்தேன். அந்த அரை நிமிஷம் ஓடியதுதான் உண்மையான வேகம். அந்த ஒரு தரம்தான் அந்தப் பதிவு என் முன்னால் தன் முகத்தோடு வந்து நின்றது. சூட்டில் கெட்டுப்போன செல் என்று நான் அதை அடித்துத் துரத்தினேன்.

இப்போது கேட்டால் எனக்குத் தெரியவில்லை என்று சொல்லலாம். தெரிந்தது. முழுசாக இல்லை, ஓரத்தில் தெரிந்தது. ஆனால் கனத்த வேகத்தில் இருந்த அந்த இசை எனக்கு வேண்டியிருந்தது. அதற்குள் நான் என்னை முழுக்கப் போட்டுவிட்டேன். என் அப்பா தரையைப் பார்த்தது, செருப்பு, எந்த மாசமும் போகச் சொல்லலாம் என்கிற உத்தரவு, எல்லாம் அதில் இருந்தது. அது ஆட்டப் பாட்டு என்றால் நான் எங்கே போவேன்?

புதன்கிழமையோடு மறியல் முடிந்தது. சனிக்கிழமை காலையில் நடந்தே மலை இறங்கினேன். வயலின் பெட்டி, ஒரு பை. டேப் ரெக்கார்டரை அக்கா வீட்டிலேயே வைத்துவிட்டேன். பன்னிரண்டு நிமிஷமும் விரலில் இருக்கிறது, பெட்டி எதற்கு என்ற திமிர். வடக்கனந்தல் தாண்டி ஒரு பஸ் கிடைத்தது. சாலையின் ரெண்டு பக்கமும் மரங்கள் விழுந்து கிடந்தன. நடுவில் ஒரு பஸ் நுழைகிற அளவுக்கு மட்டும் அறுத்து ஒதுக்கியிருந்தார்கள். அடிமரம் வெள்ளையாகத் தெரிந்தது.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் சென்னை வண்டிக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. எதிரிலேயே கேசட் கடை. திறந்திருந்தது, கரண்ட் இருந்தது, பெரிய ஸ்பீக்கரில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் எனக்குப் பழக்கம். கேசட் என் சட்டைப் பையில் இருந்தது. ஒரு தரம் போட்டுக் காட்டுங்கள் என்று சொன்னால் போட்டிருப்பார். எழுந்து கடை வாசல் வரை போனேன்.

"இன்னா வாத்தியாரே, ஆளையே காணோம்? மல மேல மாட்டிக்கினியா?" என்றார்.

"ஆமாண்ணா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். திங்கட்கிழமை மதியம் ஓடியதே, அதுதான் கேட்குமோ என்று பயம். நாற்பது மணி நேரம், ஞாயிறு முழுக்க, எனக்கு நேரம் இருந்தது. வேகத்தை மாற்றிக்கொள்ள அது போதும். நான் பயந்துகொண்டு உட்கார்ந்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இதுதான் முக்கியம். திங்கட்கிழமை காலை சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே நான் அந்தக் கூடத்து வாசலில் நின்றேன். வழியில் எந்த மரமும் என்னை நிறுத்தவில்லை.

உள்ளே குளிர். வரிசை வரிசையாக நாற்காலி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நோட்ஸ் வைக்கிற தாங்கி. பியானோக்காரர் ஒரு கட்டையை அழுத்திச் சுருதி கொடுத்தார். என் தந்தி எவ்வளவு கீழே கிடக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. முறுக்கினேன், முறுக்கினேன், முறுக்கிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். சேர்ந்ததும் ஒரு தரம் வில்லை இழுத்தேன். வேறு யாருடைய வயலினோ மாதிரி கத்தியது.

பதிவை ஓட விட்டார்கள்.

ரெண்டு விநாடி. போதும். பாறைச் சூட்டில் ஓடிய அதே வேகம். செல்லோக்கள் பந்தியில் இலை போட ஓடுகிறவன் மாதிரி ஓடின. நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்தேன். அது எனக்கு முன்னால் வளைவு திரும்பிப் போய்விட்டது. துரத்தினேன். விரல் ஓடினால் வில் வரவில்லை, வில் ஓடினால் விரல் வரவில்லை. பதினைந்து நாளாக நீள நீளமாக இழுத்துப் பழகின கை. வேகமாகப் போக வேண்டிய இடத்தில் எல்லாம் வழுக்கிக்கொண்டு அழுதது.

"யாரு செத்துட்டாங்க?" என்று பின்னால் ஒருவர் கேட்டார். சிரித்தார்கள்.

என்னை வரச்சொன்ன மனிதர் நிறுத்தச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. "பதட்டப்படாத. நோட்ஸைப் பாத்து வாசி. இன்னொரு தடவை," என்றார்.

தாளைத் தாங்கியில் வைத்தேன். இன்னொரு தடவை ஓடியது. இன்னும் மோசம். பாதியில் அவரே வந்து என் பக்கத்தில் நின்றார்.

"இப்ப எங்க வாசிச்சிட்டு இருக்க? விரல் வச்சுக் காட்டு."

என் விரல் தாளுக்கு மேலே நின்றது. எங்கும் இறங்கவில்லை.

"படிக்கத் தெரியாதா?"

"தெரியாது சார்."

அவர் தாளின் மூலையில் இருந்த எண்ணைத் தொட்டார். "வேகம் இது. நிமிஷத்துக்கு எத்தனை தட்டுன்னு போட்டிருக்கு." கட்டில் மாதிரி இருந்த குறியைத் தொட்டார். "சுருதி இது. இந்த ரெண்டு மட்டும் தெரிஞ்சிருந்தா போதுமேப்பா. அன்னைக்கே தெரியாதுன்னு சொல்லியிருந்தா உக்காந்து சொல்லிக் குடுத்திருப்பேனே."

அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு நாள் வலித்திருக்காது.

செவ்வாய்க்கிழமை கள்ளக்குறிச்சியில் நாலு புது செல் வாங்கிக்கொண்டு மலை ஏறினேன். அக்கா வீட்டுக் கிழங்கு நிலம் வழியில்தான் வரும். பாதி நிலம் புரண்டு கிடந்தது. குச்சிகள் சாய்ந்து, கிழங்கு கடிபட்டு, மண்ணெல்லாம் குளம்படி. அவள் புருஷன் குனிந்து மிச்சத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்ததும் இடுப்பை நிமிர்த்தினாள்.

"வந்துட்டியா! மெட்ராசுல மால போட்டானுங்களா, பொன்னாட போத்துனானுங்களா?"

"என்னக்கா இது?"

"பன்னி பூந்துடுச்சி. சூளு கொளுத்திக்கினுதான் ஓடுனாரு. மழ வந்து அணைச்சிடுச்சி."

நான் செல்லை நீட்டினேன். "எங்கிட்ட கொடுத்ததாலதான..."

"அட வுடு. செல்லு இருந்தா மட்டும் பன்னி பயந்துக்கினு ஓடிப்புடுமா? போன வருசமும்தான் தின்னுச்சி." செல்லை வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். "அத்தச் சொல்லு மொதல்ல. எது சரி? நான் சொன்ன ஆட்டமா, நீ சொன்ன எழவா?"

அவளிடமாவது சொல்லியிருக்கலாம். நீதான்க்கா சரி என்று ரெண்டு சொல். அந்த நிலத்துக்கு நடுவில் நின்றுகொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. என் மூன்று நிமிஷ இசைக்கு ஒரு வருஷக் கிழங்கு போயிருக்கிறது, அந்த இசையும் தப்பு என்று எந்த வாயால் சொல்வது?

"வாசிக்கவே இல்லக்கா," என்றேன். "ரோட்டுல மரம் கெடந்ததுல நேரத்துக்குப் போய்ச் சேர முடியல. கதவ சாத்திட்டாங்க."

அவள் புருஷன் நிமிர்ந்தார். "அடப் பாவமே. உங்க சாதிக்காரங்களே உன் வழிய அடச்சிட்டானுங்களே."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். பிறகு நாலு கிழங்கை எடுத்து என் பையில் போட்டாள். "பன்னி கடிக்காதது. அவிச்சித் துன்னு," என்றாள்.

அந்தப் பொய் எனக்கு முன்னால் மலை இறங்கிவிட்டது. குழுவில் எல்லாரும் நம்பினார்கள். சென்னைக்காரர் நடந்ததைக் கீபோர்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை போலிருக்கிறது. டீக்கடையில் எனக்குத் தனி மரியாதை. போராட்டத்தால் வாழ்க்கையை இழந்தவன் என்று மேடையில்கூட ஒரு முறை என்னைக் காட்டிப் பேசினார்கள். நான் கும்பிட்டேன்.

என் தம்பியும் நம்பினான்.

அவன் வாய் திறந்து பேச ஒரு மாசம் ஆயிற்று. தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். நாலு புது செல்லைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தான்.

"செல்லு தீந்து போயி மல மேல கஷ்டப்பட்டியாமே. அந்தக் கடைக்குச் சரக்கு வராம பண்ணதும் நாங்கதான். மரத்த வெட்டுனதும் நாங்கதான்." என் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் பொழப்ப நான்தான் வெட்டிட்டேன்ண்ணா."

"வுடுடா," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவன் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டான்.

சில வருஷத்தில் ஒதுக்கீடு வந்தது. அவன் மகள் படித்து வேலைக்குப் போனாள். அவன் கையில் கோடாலி எடுத்ததற்கு அது பதில். ஆனால் நல்ல நாள் எதுவானாலும், அவளுக்கு வேலை உத்தரவு வந்த அன்றுகூட, "உனக்குத்தான்ண்ணா ஒன்னும் ஆவாம போச்சி" என்று சொல்லாமல் அவன் விட்டதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாலு செல் கொண்டுவருவான். நான் வயலினைத் தொடுவதை நிறுத்தி வெகுநாள் ஆகிவிட்டது. டேப் ரெக்கார்டர் கெட்டுவிட்டது. கேசட் போய் வேறு என்னென்னவோ வந்துவிட்டது. அவன் கொண்டுவந்துகொண்டே இருந்தான். வேண்டாம் என்றால் முகம் சுருங்கிவிடும். வாங்கி டிரங்குப் பெட்டியில் போட்டுவிடுவேன்.

ஒரு தரம் போனில் பழைய இசை எதையோ போட்டு வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். வேகம் குறைகிறது, சுருதி இறங்க மாட்டேன் என்கிறது. இப்போது இருக்கிற எந்திரங்கள் அப்படி. நான் கேட்ட இசை எந்த ஊரிலும் யாரும் வாசித்தது இல்லை. நாலு செத்த செல்லுக்குள் மட்டும் இருந்தது. அதை நம்பித்தான் நான் என்னைக் கொடுத்தேன்.

தம்பி போன வருஷம் இறந்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அவன் கொடுத்த செல்கள் காகிதச் சுற்று பிரிக்காமல் அடுக்கடுக்காகக் கிடந்தன. எல்லாம் கசிந்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அடியில் இருந்த வயலின் பெட்டியின் துணியையும் அரித்திருந்தது.

மரம் என்னைத் தடுக்கவில்லைடா. இதை அவனிடம் சொல்ல முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. நான் சொல்லவில்லை.